ஓடிக்கொண்டிருக்கும் கதைக்குள் புதிதாகப் போகிறவர் எங்கே பிடிப்பது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்: "அண்ணா, எக்ஸ் தளத்தில் சனிக்கிழமை இரவில் எங்கள் ஊர்ச் சமையல் பற்றி ஒரு மணிநேரம் நேரடியாகக் கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன கிழமை போனேன். கனடாவில் இருந்து நடத்துகிறார்கள். பதிவுகள் மேலும் கீழுமாக ஓடின. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. துணிந்து இரண்டு பதில் போட்டேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள்தான் கணக்கைத் திறந்து, பாதுகாப்புக்கென்று பூட்டியும் தந்தாள். இந்த வயதில் எனக்கு இது சரிவராதா?"

வடிவாகச் சரிவரும் தங்கச்சி. வயதை இதற்குள் இழுக்க வேண்டாம். உங்களை அங்கே ஒருவரும் ஒதுக்கவில்லை. நீங்கள் போட்ட இரண்டு பதிலும் அங்கிருந்தவர்களின் கண்ணிலேயே படவில்லை. கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

மகள் கணக்கைப் பூட்டித் தந்தாள் என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. எக்ஸ் தளத்தில் ஒரு கணக்கைப் பூட்டினால், அதிலிருந்து போடும் எதையும் நீங்கள் அனுமதித்த ஆட்கள் மட்டும்தான் பார்க்கலாம். மற்றவர்களின் தேடலிலும் அது வராது. நடத்துகிறவரின் கேள்விக்குக் கீழேயே பதில் எழுதினாலும், அவர் உங்களைப் பின்தொடராதவர் என்றால் அவருக்கும் தெரியாது. உங்கள் திரையில் மட்டும் எல்லாம் போய்ச் சேர்ந்தது போலவே இருக்கும். இதனாலேயே எத்தனையோ பேர் முதல் நாளோடு மனம் நொந்து போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய கவலை, அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்.

அதற்காக மகள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பப் படங்கள் உள்ள கணக்கு பூட்டியே இருக்கட்டும். உரையாடலுக்கென்று இன்னொரு கணக்கைத் திறவுங்கள். அதில் முகப்படம் தேவையில்லை, நீங்கள் சமைத்த ஒரு கறியின் படம் போதும். ஆனால் படமே இல்லாமல் விடாதீர்கள். வெறும் கணக்கைப் பார்த்தால் போலியோ என்று ஆட்கள் தயங்குவார்கள். பெயரில் உங்கள் முதற்பெயர், அறிமுகத்தில் "திருகோணமலை. சமையல், கடல், பழைய பாட்டு" என்று ஒரு வரி. வீதியின் பெயர், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் இவையெல்லாம் வேண்டாம். கணக்கின் 'செட்டிங்ஸ்' பக்கத்துக்குள் போய், உங்கள் போன் நம்பரை வைத்து மற்றவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க விடும் வசதியை அணைத்துவிடுங்கள். இந்தக் கணக்கைப் பூட்ட வேண்டாம்.

சரி, மேலும் கீழுமாக ஓடியதற்கு வருவோம். நீங்கள் ஹேஷ்டேக்கை, அதாவது அந்த உரையாடலுக்கென்று # குறியோடு போடும் சொல்லை, தேடும்போது எக்ஸ் முதலில் திறந்து காட்டுவது 'டாப்' என்ற பக்கத்தை. அங்கே அதிகம் பேர் விரும்பியவைதான் மேலே நிற்கும், நேர ஒழுங்கு இருக்காது. 8.50க்குப் போட்டது மேலே, 8.35க்குப் போட்டது கீழே, போன கிழமைப் பதிவு நடுவில் என்று கிடக்கும். யாருக்கும் தலை சுற்றும். பக்கத்தில் 'லேட்டஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் கடைசியாக வந்தது மேலே நிற்கும், கீழே போகப்போகப் பழையது. கதை வந்த ஒழுங்கிலேயே தெரியும். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இந்த ஹேஷ்டேக் என்பது என்னவென்று ஒருமுறை விளங்கிக்கொண்டால் மிச்சமும் இலகு. 2007 ஓகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர், ஒரே விஷயத்தைப் பற்றிய பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க, சொல்லுக்கு முன்னால் அந்தக் கட்டக் குறியை (#) போடலாமே என்று ட்விட்டரில் கேட்டார். எக்ஸுக்கு அப்போது அதுதான் பெயர். அன்று தொடங்கியதுதான். ஆகவே இந்த உரையாடலுக்கு அறை கிடையாது, கதவு கிடையாது, அங்கத்துவம் கிடையாது. ஒரே சொல்லை ஒரே நேரத்தில் எல்லோரும் போடுவதுதான் கூட்டம். அந்தச் சொல்லை நீங்கள் போட மறந்தால், பக்கத்து வீட்டில் நின்று கதைத்த மாதிரி.

தமிழில் இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்து ஒன்று மாறினாலும் அது வேறு ஹேஷ்டேக். எங்கள் ஊரின் பெயரையே பாருங்கள். திருகோணமலை என்றும் எழுதுகிறோம், திருக்கோணமலை என்றும் எழுதுகிறோம். இரண்டும் சரி. ஆனால் ஒரு 'க்' கூடியதால் அவை இரண்டு வேறு கூட்டங்கள். இரண்டு சொற்களுக்கு இடையில் வெற்றிடம் விட்டால் முதற்சொல் மட்டும்தான் குறியில் நிற்கும். ஆகவே கையால் அடிக்காதீர்கள். நடத்துகிறவர் போட்டதைப் பிரதி எடுத்து ஒட்டுங்கள். போனின் விசைப்பலகையில் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கேள்விகளுக்கு எண் இருக்கும், கே1, கே2 என்று. பதில் போடுகிறவர்கள் ப1, ப2 என்று தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் நடப்பவற்றிலும் இதே முறைதான், அவர்களுடைய எழுத்தில். கே3 ஓடும்போது நீங்கள் ப1 போட்டாலும் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் "ஓம், அதுதான் நல்லது" என்று ஒரு பதிவு வந்தால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் சனி காலை 11 மணி என்றால், அங்கே கோடைக்காலத்தில் எங்களுக்கு இரவு 8.30, குளிர்காலத்தில் இரவு 9.30. எங்கள் மணிக்கூடு மாறுவதில்லை, அவர்களுடையதுதான் மாறும். மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணிநேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். லண்டன்காரர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுவார்கள். தமிழ்நாட்டு நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதான், அங்கே கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் ஓடுகிற எல்லாவற்றையும் வாசிக்கப் பார்க்கிறார்கள். பல வருடமாக இப்படியான உரையாடல்களில் இருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். ஓடுவதில் பாதியைக்கூட நான் வாசிப்பதில்லை. நடத்துகிறவராலேயே முழுவதையும் வாசிக்க ஏலாது. கூட்டத்தைப் பார்த்துக் கதைக்காதீர்கள், ஒரு ஆளைப் பார்த்துக் கதையுங்கள். ஒரு மணிநேரத்தில் ஐந்தாறு கேள்வி வந்தால், உங்கள் கையில் சரக்கு இருக்கிற ஒரு கேள்வியை எடுங்கள். அதற்கு ஒரு நல்ல பதில். பிறகு, மற்றவர்கள் போட்ட பதில்களில் உங்களுக்கு உண்மையாகவே கேட்கத் தோன்றிய ஒன்றைப் பிடித்து, அவரிடம் ஒரு கேள்வி. முதல் நாளுக்கு இவ்வளவும் தாராளம்.

2021இல், கிளப்ஹவுஸ் என்ற குரல் உரையாடல் செயலி மே மாதம் ஆண்ட்ராய்டு போன்களுக்கும் வந்தபோது, ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த தமிழர்கள் இரவிரவாக அதில் கதைத்தார்கள். நானும் மூன்று இரவு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். கதைத்தவர்கள் எல்லோரும் சரளமாகக் கதைத்தார்கள், எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன். நாலாம் இரவு வெளிநாட்டிலிருந்து வயதான ஒரு அம்மா, சின்ன வயதில் திருகோணமலையில் இருந்தவராம், நடுங்கிய குரலில் கேட்டார்: "கோட்டைக்குள்ளே மான்கள் நிற்குமே, இப்பவும் நிற்குதா?" அங்கே இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நான் மைக் கேட்டு வாங்கி, "ஓம் அம்மா, நிற்கின்றன. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டை வாசல் தாண்டினதும் நிழலில் படுத்திருக்கும். போன கிழமையும் பார்த்தேன்" என்றேன். அவ்வளவுதான் நான் கதைத்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்கத் தொடங்கினார், கன்னியா ஏழு கிணற்றிலும் இன்னும் ஒவ்வொரு சூடுதானா, டச்சு பே கரையில் இப்பவும் பின்னேரத்தில் சனம் கூடுமா என்று. மற்றவர்களும் தங்கள் ஊர்களைப் பற்றிக் கேட்க வந்தார்கள். அன்று அந்த அறை விடிய ஒரு மணிக்கும் மூடவில்லை.

அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். உலகத்துக்கே பொதுவான கருத்தை யாரும் சொல்லலாம். உப்புவெளியில் இன்று காலை என்ன மீன் வந்தது என்பதை உங்களால்தான் சொல்ல முடியும். அந்தச் சமையல் உரையாடலில் இருக்கும் பலர் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "கே2: மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் கட்டாயம் சமைப்பது என்ன?" பெரும்பாலும் புதியவர்கள் போடும் பதில்: "ப2 சொதி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும்." பிழையில்லை. ஆனால் வாசிக்கிறவருக்குத் திருப்பிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ப2 சூடைமீன் சொதி. மழைக்கு வள்ளம் இறங்காத நாளில் மீனுக்குப் பதில் முட்டை உடைத்து ஊற்றுவோம். உங்கள் பக்கம் மீன் இல்லாவிட்டால் சொதிக்குள் என்ன போடுவீர்கள்?"

இப்போது பாருங்கள். மழையில் வள்ளம் இறங்காது என்று ஒருவருக்குப் புதிய விஷயம் கிடைக்கிறது. முட்டைச் சொதி எப்படி என்று இன்னொருவர் கேட்பார். திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்து, எங்கள் ஊரிலும் சொதி உண்டு, ஆனால் அது மரக்கறி போட்டுத் தேங்காய்ப்பாலில் செய்து சோற்றோடு சாப்பிடுவது என்பார். ஒரே சொல், இரண்டு கறி. அரைமணி நேரத்துக்கு அதுவே கதையாகப் போதும். கடைசியில் ஒரு கேள்வி வைத்தீர்களே, அது எல்லாப் பதிலுக்கும் தேவையில்லை. உங்களுக்கு உண்மையாகவே அறிய ஆசை இருந்தால் மட்டும் கேளுங்கள். ஆசையில்லாமல் கேட்ட கேள்வியை ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதில் போட்டதும் பெரிய ஓட்டத்துக்குத் திரும்பிப் போகாமல், மணி அடையாளம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு யார் பதில் சொன்னார்கள் என்பது அங்கேதான் வரும். அவருக்கு அங்கிருந்தே பதில் சொல்லுங்கள். ஓட்டம் தன்பாட்டில் போகட்டும்.

எழுத்து வேகத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். சில உரையாடல்களில் கேள்விகளை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது போனில் உள்ள குறிப்பேட்டில் பதிலை எழுதி வைத்துவிட்டு, நேரம் வந்ததும் பிரதி எடுத்துப் போடலாம். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். தட்டச்சு சிரமமாக இருந்தால் கூகுள் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் சொல்லுங்கள், அதுவே எழுதும். சொல்லி முடித்ததும் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், எங்கள் ஊர்ப் பேச்சைச் சில இடங்களில் வேறு சொல்லாக எழுதிவிடும்.

280 என்ற எல்லை தமிழில் நாம் நினைப்பதை விடச் சீக்கிரம் முடியும். எக்ஸ் எழுத்தை எண்ணும்போது உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். திருகோணமலை என்பது நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. மேலே நான் எழுதிக் காட்டிய சொதிப் பதில் கிட்டத்தட்ட 150தான் வரும், ஹேஷ்டேக்குக்கும் இடம் மிஞ்சும். அந்த அளவில் எழுதப் பழகுங்கள். நீட்ட வேண்டியிருந்தால் உங்கள் பதிலுக்குக் கீழேயே இன்னொரு பதிலாகத் தொடருங்கள். அதிலும் ஹேஷ்டேக் இருக்கட்டும்.

முதற்கிழமை ஒன்றும் போடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாக. உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிறவன் உடனே முன்னால் போய்க் கயிற்றில் கை வைக்க மாட்டான். பின்னால் நின்று, எந்தச் சத்தத்துக்கு இழுக்கிறார்கள், எப்போது விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பிடிப்பான். ஆனால் கரையிலேயே கிழமைக்கணக்காக நிற்பதும் சரியில்லை. ஒரு கிழமை பாருங்கள். இரண்டாம் கிழமை "திருகோணமலையிலிருந்து புதிதாக வந்திருக்கிறேன், இன்று பெரும்பாலும் வாசிக்கத்தான் வந்தேன்" என்று ஒரு வரி ஹேஷ்டேக்கோடு போடுங்கள். நல்லாக நடத்துகிறவர் என்றால் பெயர் சொல்லி வரவேற்பார். வரவேற்காவிட்டால் வேறு உரையாடல் தேடுங்கள். புதியவரை வாவென்று கூப்பிடத் தெரியாத இடத்தில் நேரத்தைப் போக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

எப்படி விளிப்பது என்றும் சிலர் தடுமாறுவார்கள். எல்லோருக்கும் "நீங்கள்" போதும். அண்ணா, அக்கா என்று நாங்கள் இயல்பாகச் சொல்வோம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் வளர்ந்த இளம் பிள்ளைகள் வெறும் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டால் மனதில் எடுக்காதீர்கள், அவர்கள் பழகியது அப்படி. எங்கள் சொல் விளங்காத தமிழ்நாட்டு நண்பர்கள் "கதைப்பது என்றால் என்ன?" என்று கேட்டால் சொல்லிக்கொடுங்கள். அதற்காக உங்கள் பேச்சை மாற்றி எழுத வேண்டாம். கிண்ணியாவிலிருந்து ஒருவர் எருமைத்தயிரைப் பற்றி எழுதும்போது அவருடைய சொல்லிலேயே எழுதினால்தான் எனக்கு அந்தத் தயிர் வாய்க்குள் வருகிறது.

எழுத்து கைவந்த பிறகு, குரல் உரையாடலுக்கும் போவீர்கள். எக்ஸில் அது ஸ்பேசஸ். உள்ளே போனதும் உங்கள் மைக் அணைந்துதான் இருக்கும், நீங்கள் பேசப்போவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பெயரும் படமும் கேட்போர் வரிசையில் தெரியலாம். கதைக்க விரும்பினால் அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நடத்துகிறவரையும் சேர்த்து ஒரே நேரத்தில் 13 பேர்தான் பேசும் இடத்தில் இருக்கலாம், ஆகவே காத்திருக்க வைத்தால் அவமதிப்பு என்று எடுக்காதீர்கள். பதிவு செய்கிறார்களா என்று மேலே காட்டும், அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். இடம் கிடைத்ததும் பெயர், ஊர், ஒரு விஷயம். ஒரு நிமிடம், கூடினால் இரண்டு. முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.

சத்தம் பெரிய பிரச்சினை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் நின்று கதைத்தீர்களென்றால் கேட்கிறவருக்கு வெறும் இரைச்சல்தான் போகும். மைக் உள்ள இயர்போனைப் போட்டு, யன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். புழுங்கும்தான், இரண்டு நிமிடத்துக்குத் தாங்கலாம். எழுத்து உரையாடலுக்கு டேட்டா அதிகம் போகாது. குரலுக்குக் கூடப் போகும், ரீலோட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில கூட்டங்கள் வட்ஸ்அப்பில் நடக்கும். அங்கே ஒன்று கவனம். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம், சேர்ந்த உடனே உங்கள் போன் நம்பர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். டெலிகிராமில் நம்பரை மறைக்க வழி உண்டு, வேலை தொடங்கும் முன் அதைச் செய்யுங்கள். பிறகு, யார் கேட்டாலும், தெரிந்தவர் நம்பரிலிருந்து கேட்டாலும், உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லவே கூடாது. "இன்றைய கூட்டத்துக்கு உள்ளே வர அந்த எண் வேண்டும்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். எந்த உரையாடலுக்கும் அந்த எண் தேவைப்படாது. அதைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போகும், பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரரிடம் காசு கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்து, பட்ட பாடு கொஞ்சமல்ல. குழுவில் பழக்கமானவர் தனியாகத் தகவல் அனுப்பத் தொடங்கினாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிடிக்காவிட்டால் தடை செய்யுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

உரையாடல் முடிந்ததும் உடனே போனை வைத்துவிடாதீர்கள், ஒரு பத்து நிமிடம் இருங்கள். ஓட்டம் குறைந்து, நிதானமாகக் கதைக்கக்கூடிய நேரம் அதுதான். உங்களோடு கதைத்த ஓரிருவரைப் பின்தொடருங்கள். அடுத்த கிழமை நீங்கள் போகும்போது தெரிந்த முகம் இரண்டு அங்கே இருக்கும்.

இந்தச் சனி நானும் அங்கே வருவேன். மகளிடம் சொல்லிப் புதிய கணக்கை வெள்ளிக்கிழமைக்குள் திறந்துவிடுங்கள். 'லேட்டஸ்ட்' பக்கத்தைத் திறந்து வைத்து, எந்தக் கேள்வி வந்தாலும் சூடைமீனைப் பற்றி எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டைச் சொதிக்குப் பழப்புளி விடுவீர்களா, தேசிக்காய் பிழிவீர்களா என்று நான் கேட்பேன். எங்கள் வீட்டில் இது இன்னும் தீராத வழக்கு.